சோற்றுக்கு ஒரு நியாயம், பூவுக்கு ஒரு நியாயமா?



வங்கியில் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாகூர் பக்கம் அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கரில் ஒன்பது வருடமாக ரசாயனம் இல்லாமல் நெல்லும் உளுந்தும் போட்டு வருகிறேன். குடியிருப்பது புதுச்சேரி நகரத்தில், லாஸ்பேட்டையில். வீட்டுக்கு முன்னால் எட்டடி அகலத்தில் கொஞ்சம் மண், பக்கவாட்டில் ஒரு சந்து, மேலே மொட்டைமாடி. இவ்வளவுதான் எங்கள் வீட்டுத் தோட்டம்.

நாலு வருடத்துக்கு முன், ஒரு பங்குனி மாதம். வாசலில் இருந்த மூன்று மல்லிகைச் செடியிலும் மொக்கு பிடித்திருந்த நேரம். பாதி மொக்கு ஓட்டை விழுந்து, பழுத்த நிறமாகி, நூல் கட்டி உதிர்ந்துகொண்டிருந்தது. மொக்குப்புழு. ஒரு கடையில் போய்ச் சொன்னேன். சின்னதாக ஒரு பாட்டில் கொடுத்தார்கள். வங்கிக்காரன் இல்லையா, மில்லிக் கணக்கு தப்பாமல் கலந்து அடித்தேன். மூன்றாம் நாள் மொக்கெல்லாம் முத்து மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை.

வீட்டுக்காரம்மா பறித்துத் தொடுத்து, லீவுக்கு வந்திருந்த பேத்தி தலையில் வைக்கப் போனார். சரத்தை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே கையை நிறுத்திக்கொண்டார்.

"ஏங்க, வயல்ல மருந்தே அடிக்கமாட்டேன்னு ஊரெல்லாம் பேசிட்டு வர்றீங்க. இந்தப் பூவுக்கு மட்டும் அடிக்கலாமா? புள்ள இதைத் தலையில வச்சிக்கிட்டுத்தான தூங்கும்?"

என்னிடம் பதில் இல்லை. அந்தச் சரம் குப்பைக்குப் போனது. உரக்குழியில் போடக்கூட மனசு வரவில்லை.

அன்றிலிருந்து இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு திரிகிறேன். நம் கூட்டங்களில் பாரம்பரிய நெல் பேசுகிறோம், செக்கு எண்ணெய் பேசுகிறோம், நாட்டுக் காய்கறி விதை பேசுகிறோம். பூவைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. அது பெண்கள் சமாச்சாரம், அழகுக்கு வைப்பது, அதில் என்ன இயற்கை வேளாண்மை என்று ஒதுக்கிவிட்டோம். அது தவறு என்பதுதான் என் கட்சி. வீட்டில் எந்தப் பூச்செடியை வைக்கிறோம், அதை எப்படி வளர்க்கிறோம் என்பதும் நம் வேளாண்மையின் ஒரு பகுதிதான்.

பூவைத் தின்பதில்லையே என்பவர்களுக்கு

உணவுப் பொருள் என்றால் அதில் பூச்சிமருந்து எச்சம் இவ்வளவுக்குமேல் இருக்கக் கூடாது என்று சட்டத்தில் ஒரு வரம்பாவது இருக்கிறது. அதை எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கிறார்கள் என்பது வேறு கதை. தலையில் வைக்கும் பூ உணவுக் கணக்கிலேயே வராது. ஆனால் நம் வீட்டில் பூ எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். குழந்தையின் தலைமாட்டில் இரவெல்லாம் கிடக்கிறது. சாமிக்குச் சாத்திய துளசியைத் தீர்த்தத்தோடு வாயில் போட்டுக்கொள்கிறோம். பன்னீர் ரோஜா இதழைப் பிள்ளைகள் பிய்த்துத் தின்கிறார்கள். செம்பருத்திப் பூவில் டீ போட்டுக் குடிக்கிறோம், எண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்க்கிறோம். இதெல்லாம் உடம்புக்குள் போகாமல் எங்கே போகிறது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் பெரிய மார்க்கெட்டில் விடிகாலையில் பூக்கட்டும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஈர நாரும் பூவுமாக ஒரு நாள் முழுக்கக் கை நனைந்தே இருக்கும். அதே கையால்தான் டீ குடிப்பார்கள், வெற்றிலை போடுவார்கள். பெல்ஜியத்தில் லியேஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூக்கடைகளில் இருந்து 90 கொத்துகளை வாங்கிச் சோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ரோஜா, ஜெர்பரா, சாமந்தி எல்லாம் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட மருந்துகளின் எச்சம். சராசரியாக ஒரு கொத்துக்குப் பத்து. பூக்கட்டுபவர்களின் கையுறையிலும் அவை ஏறியிருந்தன. பிரான்சில் பூக்கடை வேலையில் இருந்த ஒரு பெண்ணின் மகள் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனாள். கர்ப்பமாக இருந்தபோது தாய் கையாண்ட பூக்களின் மருந்துக்கும் அந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதை, பூச்சிமருந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று அந்த நாட்டில் இருக்கும் இழப்பீட்டு நிதியமே ஏற்றுக்கொண்டது. அங்கேயே இந்த நிலை. நம் பூக்கார அம்மாக்கள் கையுறையைக் கண்ணால் பார்த்திருப்பார்களா?

இதைச் சொல்லும்போது பூ விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாக நினைக்க வேண்டாம். கால் ஏக்கர் மல்லிகையில் குடும்பம் நடத்துகிறவர் என்ன செய்வார்? ஒரு நாள் கிலோ இருநூறு, பொங்கல் சமயத்தில் கிலோ ஆயிரங்களில். அந்த நாலு நாள் விலைக்காக வருடம் முழுக்கக் காத்திருக்கிறார். ஒரு மொக்கில் ஒரு ஓட்டை இருந்தால் நாம் வாங்கமாட்டோம். ஓட்டை இல்லாத பூ வேண்டும் என்று கேட்டது நாம். மருந்து அடித்தது அவர்.

என் பங்கும் இதில் உண்டு. வங்கியில் பயிர்க்கடன் கொடுக்கும்போது ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்ட அளவில் தொழில்நுட்பக் குழு போட்டுத் தரும் கடன் அளவு இருக்கும். விதைக்கு இவ்வளவு, உரத்துக்கு இவ்வளவு, பூச்சிமருந்துக்கு இவ்வளவு என்று செலவைக் கூட்டித்தான் அந்தத் தொகை வரும். அந்த மருந்து வரிக்குக் கீழே எத்தனை முறை கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. "மருந்து அடிக்காமல் பயிர் பண்ண முடியாதா?" என்று ஒரே ஒரு விவசாயியிடம்கூட நான் கேட்டதில்லை.

பூ ஊரில் இருந்துகொண்டு

நம் புதுச்சேரி சாதாரண ஊர் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1826-ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா இன்றும் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. நம் மாநில மலரே நாகலிங்கப் பூ. ஆசிரமத்தில் அன்னை ஏறக்குறைய தொள்ளாயிரம் பூக்களுக்குப் பொருள் சொல்லி வைத்தார். சமாதியை நாள் தவறாமல் பூவால் அலங்கரிக்கிறார்கள். வேளாண் துறையின் மலர்க் கண்காட்சிக்குக் குடும்பம் குடும்பமாகப் போகிறோம்.

ஆனால் கண்காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் நாம் வாங்கி வருவது என்ன? குரோட்டன்ஸ், பொன் நிறத் துராந்தா, அடுக்கடுக்கான இதழோடு ஒட்டு ரோஜா, ஒரு சதுர அடி இவ்வளவு என்று விற்கும் புல்தரை. பதவி உயர்வு வந்தபோது நானும் இதையெல்லாம் வாங்கி வைத்தவன்தான். வீடு அழகாக இருந்தது. மொட்டைமாடியில் போட்ட பூசணியில் மட்டும் காய் பிடிக்கவில்லை. பெண் பூ வரும், பிஞ்சோடு மஞ்சளாகி விழும். சத்துக் குறைவு என்று உரம் போட்டேன். ஒரு நாள் விடியற்காலையில் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரு தேனீகூட வரவில்லை. வருவதற்கு எங்கள் தெருவில் அதற்கு என்ன இருந்தது?

வெள்ளை நகரத்துச் சுவர்களில் வழிகிற காகிதப்பூவையே எடுத்துக்கொள்ளுங்கள். பூகன்வில்லா என்ற பெயர் பூகன்வில் என்ற பிரெஞ்சு மாலுமியால் வந்தது. அவரோடு கப்பலில் போன தாவரவியலாளர் கொமர்சோன் 1767-ல் பிரேசிலில் ரியோ நகரத்துக்குப் பக்கத்தில் இந்தச் செடியைச் சேகரித்தார். நாம் பூ என்று நினைக்கும் வண்ணமெல்லாம் இலை மாதிரியான செதில்தான். நடுவில் குச்சி மாதிரி வெள்ளையாக நிற்பதுதான் பூ. அடுக்குச் செதில் ரகங்களில் அந்தப் பூவும் கிடையாது. நான் காகிதப்பூவுக்கு எதிரி இல்லை. தண்ணீர் கேட்காது, மருந்து கேட்காது, கடல் காற்றுக்கு அசையாது. அதன் முள் வேலிக்கும் ஆகும். ஒன்று இருக்கட்டும். ஆனால் வீடே காகிதப்பூவாக இருந்தால் தேனீ பட்டினிதான்.

அழகுக்கு வந்த செடி காட்டையே தின்ற கதையும் நமக்குத் தெரிந்ததுதான். உண்ணிச்செடியை ஆங்கிலேயர்கள் தோட்ட அழகுக்காகத்தான் கொண்டுவந்தார்கள். இன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் யானைக்குப் புல் முளைக்க இடமில்லாமல் அது பரவிக் கிடக்கிறது. நம் ஏரி குளங்களை மூடும் ஆகாயத்தாமரையும் பூவின் அழகைப் பார்த்துக் கொண்டுவரப்பட்டதுதான்.

நான்கு கேள்வி

கடன் கேட்டு வருபவரிடம் நாலு கேள்வி கேட்காமல் வங்கியில் பணம் தரமாட்டோம். இப்போது செடிக்கும் அதே பழக்கம் வைத்திருக்கிறேன்.

முதல் கேள்வி: இந்தப் பூவில் யாருக்குச் சாப்பாடு இருக்கிறது? ஒற்றை அடுக்குச் செம்பருத்தியில் தேன்சிட்டு வந்து தேன் குடிக்கும். பல அடுக்கு ரகத்தில் மகரந்தத் தாளெல்லாம் இதழாக மாறிப்போயிருக்கும். பூச்சிக்கு ஒன்றும் மிஞ்சாது. ரோஜா, சாமந்தி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இட்லிப்பூவுக்கு வண்ணத்துப்பூச்சி வரும். துளசியைக் கிள்ளிக் கிள்ளி வைக்காமல் இரண்டு செடியையாவது பூக்க விடுங்கள். கொசுத்தேனீ நாள் முழுக்க அதில்தான் இருக்கும். களை என்று பிடுங்கும் தும்பையை ஓரமாக நாலு செடி விட்டுவையுங்கள். ஆவாரையை எங்கள் வாசலில் வைத்த பிறகு கருவண்டு வர ஆரம்பித்தது. பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கிற வேலை தெரிந்தது அது. கத்திரிப் பூவுக்கும் அந்த அதிர்வுதான் வேண்டும். தேன்கூட்டுத் தேனீயால் அது முடியாது. ஆவாரைக்கு வந்த வண்டு அடுத்து மாடிக் கத்திரிக்குப் போனது. பூசணிக்கும் பாகலுக்கும் காலையில் தேனீ வேண்டும். பீர்க்கு மாலையில் பூக்கிறது. புடலையும் சுரையும் பொழுது சாய்ந்த பிறகு. அதற்கு அந்துப்பூச்சி வர வேண்டும். இரவில் வெள்ளையாகப் பூத்து மணக்கும் பவழமல்லியும் நந்தியாவட்டையும் அவற்றைக் கூப்பிடும் செடிகள்.

இரண்டாவது: மருந்து இல்லாமல் இது வாழுமா? ஒட்டு ரோஜா எங்கள் உப்பங்காற்றில் ஒரு மழைக்குக் கரும்புள்ளி, ஒரு வெயிலுக்கு இலைப்பேன் என்று எப்போதும் ஆஸ்பத்திரி வாசலிலேயே இருந்தது. அதை விட்டுவிட்டுப் பன்னீர் ரோஜா வைத்தோம். பூ சின்னது, மணம் வீட்டுக்குள் வரும். டிசம்பர் பூ, கனகாம்பரம், நித்தியமல்லி, சங்குப்பூ, நந்தியாவட்டை எல்லாம் குச்சியோ விதையோ கொடுத்தால் தானாக வரும். சங்குப்பூ அவரைக் குடும்பம். மண்ணுக்கும் தழைச்சத்து சேர்க்கும். கனகாம்பரத்துக்கு வேரில் நூற்புழு வரும். அதற்கு வரிசைக்கு நடுவே துலுக்கச் சாமந்தி போட்டால் போதும். அதன் வேரில் இருந்து கசிவது நூற்புழுவுக்கு ஆகாது.

மூன்றாவது: நம் மண், நம் தண்ணீர் இதற்குத் தாங்குமா? கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாகிக்கொண்டு வருவது நமக்குத் தெரியும். கடற்கரைக்கு அருகில் இருப்பவர்களுக்கு நித்தியகல்யாணி, அரளி, காகிதப்பூ, நந்தியாவட்டை. சுண்ணாம்பும் உப்பும் அதிகமான தண்ணீர் ஊற்றினால் இட்லிப்பூவின் இலை வெளுக்கும். புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து மாதம் இருமுறை ஊற்றுகிறேன், பரவாயில்லை. புதுச்சேரிக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும். அதனால் செடிகளை ஆவணி, புரட்டாசியில் வைத்துவிட்டால் மழைக்குள் வேர் பிடித்துக்கொள்ளும். சித்திரையில் செடி வாங்கி வந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது நஷ்டக் கணக்கு.

நான்காவது: வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? அரளியின் இலை, பூ, பட்டை எல்லாமே விஷம். அழகான செடி, வறட்சி தாங்கும், நெடுஞ்சாலை நடுவில் நன்றாக இருக்கும். தவழும் குழந்தையும் கட்டிப்போட்ட ஆடும் உள்ள வீட்டில் வேண்டாம். கேரளத்தில் 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு கோயில் நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்க்கக் கூடாது என்று நிறுத்தியது. மஞ்சள் அரளிக் கொட்டை, ஊமத்தை, நித்தியகல்யாணி இவையும் வாயில் போகக் கூடாதவை. செடியோடு அதன் குணத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்க வேண்டும்.

இந்த நாலு கேள்விக்கும் பதில் தெரிய வேண்டுமானால் வெகுதூரம் போக வேண்டாம். ஆரோவில்காரர்கள் 1968-க்குப் பிறகு வறண்டு கிடந்த செம்மண் மேட்டில் காட்டைத் திரும்பக் கொண்டுவந்தபோது, நம் பகுதிக் கோயில் காடுகளில் மிஞ்சியிருந்த மரம் செடிகளில் இருந்துதான் விதை சேகரித்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். காயா, களா, வெட்சி, நொச்சி என்று இந்த மண்ணுக்கே உரிய புதர்ச்செடிகள் எவ்வளவோ நம்மிடம் இருக்கின்றன. காயா பூத்தால் கிளையெல்லாம் நீலம் ஒட்டிவைத்தது மாதிரி இருக்கும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, யாரும் மருந்து அடிக்கவில்லை.

நர்சரிச் செடியில் ஒளிந்திருப்பது

செடி வாங்கும்போது இன்னொரு எச்சரிக்கை. பளபளவென்று ஒரு பூச்சிக் கடிகூட இல்லாத நர்சரிச் செடியைப் பார்த்தால் எனக்கு இப்போது சந்தேகம்தான் வருகிறது. வேரில் ஊற்றும் சில மருந்துகள் செடி முழுக்க ஏறி, மகரந்தத்திலும் தேனிலும் வந்து சேரும். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2017-ல் கடைகளில் 'தேனீக்கு உகந்தது' என்ற அடையாளத்தோடு விற்ற செடிகளைச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் தேனீயைக் கொல்லும் வகை மருந்து எச்சம் இருந்தது. தேனீக்கு விருந்து என்று எழுதி விஷம் வைத்த கதை.

அதனால் முடிந்தவரை குச்சியும் விதையும் தெரிந்தவர் வீட்டில் வாங்குங்கள். நர்சரியில் வாங்கினால் என்ன மருந்து அடித்தீர்கள் என்று கேளுங்கள். கேட்பவர் எண்ணிக்கை கூடினால்தான் பதில் வரும். வாங்கி வந்த செடியில் இருக்கும் முதல் பூக்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, மண் மாற்றி, ஜீவாமிர்தம் கொடுத்து, ஒரு பருவம் பொறுத்துத் தலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தில்லாமல் மல்லிகை வருமா?

வரும். நாலு வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

கார்த்திகை முதல் பாதியில், அதாவது நவம்பர் கடைசியில், செடியை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்துவிடுகிறேன். இரண்டு கூடை மக்கிய எருவும் ஒரு கை வேப்பம்புண்ணாக்கும் தூரில் போட்டு மண்ணைக் கிளறி அணைக்கிறேன். மொக்கைச் சிவக்க வைக்கும் சின்ன ஈயின் கூட்டுப்புழு மண்ணில்தான் இருக்கும். கிளறினால் வெயிலும் மைனாவும் அதைப் பார்த்துக்கொள்ளும். துளிர்த்த பிறகு லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. மொக்கு வரும் காலத்தில் வாரம் ஒரு முறை வேப்பங்கொட்டைக் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கலந்து, அன்றைய மொக்கைப் பறித்து முடித்த பிறகு சாயங்காலம் தெளிக்கிறேன். காலையில் தெளித்தால் தேனீக்குத் தொந்தரவு. இலைக்கு அடியில் சிலந்திப்பேன் வந்தால் பைப்பில் வெறும் தண்ணீரை வேகமாக அடித்தாலே பாதி போய்விடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, தினமும் காலையில் ஐந்து நிமிடம். நூல் கட்டிய மொக்கைப் பார்த்துப் பார்த்துக் கிள்ளி ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். கீழே உதிர்ந்ததையும் விடக் கூடாது. மூன்று செடிக்கு ஐந்து நிமிடம் போதும். ஏக்கர் கணக்கில் மல்லிகை போட்டவருக்கு இது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வீட்டுத் தோட்டத்தில் தொடங்குவோம் என்கிறேன்.

முழு விளைச்சல் வருகிறதா? இல்லை. பத்துக்கு இரண்டு மொக்கு இன்னும் புழுவுக்குத்தான். மிச்சம் எட்டு எங்களுக்கு. சித்திரையில் தினம் இரண்டு முழம் தொடுக்கிறோம். போதாதா?

மருந்து தோற்று, பூச்சி ஜெயித்த ஒரு கதையையும் மறக்கக் கூடாது. 2008-ல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் மட்டுமில்லை, வீட்டுச் செம்பருத்தியையும் வெள்ளையடித்துவிட்டுப் போனது. எவ்வளவு மருந்து அடித்தும் நிற்கவில்லை. கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த வருடத்துக்குள் மாவுப்பூச்சி அடங்கியது. அந்தக் குளவி உயிரோடு இருக்க வேண்டுமானால் நாம் மருந்து அடிக்காமல் இருக்க வேண்டும். குளவிக்கும் பொறிவண்டுக்கும் குடிக்கத் தேனும் தின்ன மகரந்தமும் வேண்டும். அதைத் தருவதும் பூச்செடிதான். வயல் வரப்பில் துலுக்கச் சாமந்தியும் தட்டைப்பயறும் போடச் சொல்கிறோமே, அதே கணக்குதான் வாசலுக்கும்.

நாம் செய்யக் கூடியது

நம்மை ஆண்ட பிரான்சு ஒரு காரியம் செய்திருக்கிறது. லாபே என்ற செனட்டரின் பெயரால் அழைக்கப்படும் சட்டத்தை 2014-ல் நிறைவேற்றி, 2017 ஜனவரி முதல் பூங்கா போன்ற பொது இடங்களிலும், 2019 ஜனவரி முதல் வீட்டுத் தோட்டங்களிலும் ரசாயனப் பூச்சிமருந்தைத் தடை செய்துவிட்டார்கள். வீட்டுத் தோட்டக்காரர் வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. ரோஜாவுக்குப் பெயர் போன தேசம் அது. ரோஜா இல்லாமல் போய்விடவில்லை. பிரெஞ்சுத் தெருப்பெயரையும் மஞ்சள் சுவரையும் காப்பாற்ற நம் ஊரில் எவ்வளவு பாடுபடுகிறோம். இந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துபோகும்?

சட்டம் வரும்போது வரட்டும். அதற்கு முன் இயக்கத்துக்கு என்னுடைய மூன்று கோரிக்கை.

ஒன்று, நம் இயற்கைச் சந்தைகளில் அரிசி, காய்கறிக்குப் பக்கத்தில் பூவுக்கும் ஒரு கூடை இடம் கொடுப்போம். ஓட்டை விழுந்த மொக்கும் இருக்கும் என்று முன்னாலேயே சொல்லி விற்போம். மருந்தில்லாமல் கால் காணியில் பூ போட்டுப் பார்க்கிற விவசாயிக்கு அது முதல் வாடிக்கை.

இரண்டு, மாதக் கூட்டத்தில் விதைப் பரிமாற்றம் நடப்பது போல் பூச்செடிக் குச்சிப் பரிமாற்றமும் நடக்கட்டும். இதில் எனக்குத் தெரிந்ததைவிட நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்தது அதிகம். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காரும் அவர்களை முன்னால் அழைத்துப் பேசச் சொல்வோம்.

மூன்று, மலர்க் கண்காட்சியில் பெரிய பூவுக்கும் அரிய ரகத்துக்கும் பரிசு தருகிற வேளாண் துறை, மருந்தில்லாத வீட்டுப் பூந்தோட்டத்துக்கும் ஒரு பரிசு வைக்க வேண்டும் என்று மனு கொடுப்போம். பரிசு பெரிதாக இருக்க வேண்டாம். ஒரு தடவை அப்படி ஒரு பலகை அங்கே நின்றால், பார்க்கிறவர்கள் ஆயிரம் பேர் 'அப்படியும் ஒன்று இருக்கிறதா' என்று கேட்பார்கள்.

அபார்ட்மென்டில் இருக்கிறோம், இடமில்லை என்பவர்களுக்கு: பால்கனியில் நாலு மணி நேரம் வெயில் விழுந்தால் இரண்டு தொட்டி வையுங்கள். ஒன்றில் துளசி, இன்னொன்றில் சங்குப்பூ. மருந்து மட்டும் வேண்டாம். தேனீ மூன்றாவது மாடிக்கும் வரும்.

எங்கள் பூசணி இப்போது காய்க்கிறது. சரத்தை முகர்ந்து பார்த்துவிட்டுக் கையை நிறுத்திய வீட்டுக்காரம்மா, போன பங்குனியில் பேத்திக்கு இரண்டு முழம் வைத்துவிட்டார். "இதுல ஒரு புழு இருக்கு பாட்டி" என்றாள் அவள். "இருக்கட்டும்டி. புழு இருக்கிற பூவுல விஷம் இல்லன்னு அர்த்தம்" என்று எடுத்து வெளியே விட்டார்.

வரும் கார்த்திகையில் மூன்று மல்லிகைக்கும் கவாத்து. குச்சிகளைக் கட்டி நம் கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன். வேண்டியவர்கள் ஈரச் சாக்கு ஒன்று கொண்டுவாருங்கள்.